ஏழாம் தளத்து மதுக்கூடம்

பயிற்சி வகுப்பில் முதல் பாடம்:
நடை தள்ளாடுகிறதா, பார்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
ஹெல்சிங்கிக்கும் தாலினுக்கும் நடுவே
நவம்பர்க் காற்றில்
யார்தான் தள்ளாடவில்லை?
பால்புட்டிக் குழந்தை தள்ளாடுகிறது.
பாதிரியார் தள்ளாடுகிறார்.
கொக்கியில் தொங்கும் கோப்பைகள்
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு
மன்னிப்புக் கேட்டுக்கொள்கின்றன.

இரண்டாம் பாடம்: நாக்குக் குழறுகிறதா, கேள்.
கேட்டேன்.
என்ன வேண்டும் என்கிறாள் என்பதைக்கூட
முழுதாகக் காதில் வாங்காமல்
முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு சொன்னேன்:
"போதும். இனி ஊற்ற மாட்டேன்."
அந்த அம்மாளின் பெயர் ஹில்க்கா.
கைப்பையைத் துழாவிப் பேனா எடுத்து
ரசீதின் பின்புறம் இடது கையால் எழுதினாள்:
பக்கவாதம். இரண்டு வருடம்.
நான் கேட்டது காபி.
கல்லாப்பெட்டிக்கு அடியில் அது இன்னும் இருக்கிறது.
முன்பக்கத்து அச்சு மங்கிப் போயிற்று,
விலைகூடத் தெரியவில்லை.
அவள் மை அப்படியே இருக்கிறது.

பிறகு நானாகக் கற்றது கொஞ்சம்.
குரல் உயர்வது பெரிதல்ல,
சிரிப்பு அரை நொடி பிந்தி வருகிறதா என்று பார்.
சொன்ன கதையையே சொல்லாதவர் யார்?
கதையில் நாயின் பெயர் மாறினால்
அப்போது கணக்கில் வை.
கண் சிவந்திருந்தால் அவசரப்படாதே.
அழுதிருக்கலாம், தூங்காமல் இருந்திருக்கலாம்,
கப்பலில் இரண்டுக்கும் இடமுண்டு.

இன்றிரவு தௌனோ.
முழங்கையில் ஒட்டுப்போட்ட சாம்பல் கம்பளிச்சட்டை.
கப்பல் இடப்பக்கம் சாய்கிறது,
கூடமே சாய்கிறது,
அவர் மட்டும் ஆணியடித்தாற்போல் நிற்கிறார்.
கோப்பையைக் கீழே வைக்கும்போது
அது விட்டுச்சென்ற ஈர வட்டத்தின் மேலேயே
மயிரிழை பிசகாமல் வைக்கிறார்.
கல்லுக்குக் கல் தாவி ஆற்றைக் கடப்பவர்போல்
ஒவ்வொரு சொல்லிலும்
காலை ஊன்றிப் பார்த்துவிட்டு
அடுத்ததற்குப் போகிறார்.
"இன்னும். ஒன்று. தயவுசெய்து."

எனக்குத் தெரிந்துவிட்டது.
நிதானமாக இருப்பவருக்கு
இவ்வளவு நிதானம் தேவைப்படாது.

கோப்பைக்குப் பக்கத்தில் கார் சாவி.

மறுப்பது ஒரு கலை என்றார்கள் வகுப்பில்.
கலையாவது ஒன்றாவது, வயிற்றைக் கலக்குகிறது.
துணியை மடித்தேன், விரித்தேன், மறுபடி மடித்தேன்.
பக்கத்து ஆளுக்குக் கேட்காதபடி குனிந்து
"இன்றைக்கு இவ்வளவுதான்" என்றேன்
அவருடைய மொழியில்,
என்னுடைய எஸ்தோனியப் பிழைகளோடு.
கம்பு ரொட்டியும் மீன் சூப்பும் கொண்டுவந்து வைத்தேன்.
கார்த்தளத்துக்கு போன் போடப் போகிறேன் என்பதையும்
மறைக்கவில்லை.

நெடுநேரம் சூப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு
"வெளியே தெரியவில்லை என்றுதான் நினைத்தேன்" என்றார்,
முதல்முறையாக எல்லாச் சொற்களும்
ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழ.

சாவியை ஒரு விரலால் நகர்த்தினார்.
பலகையின் பாதிவரை வந்தது.
அங்கேயே விட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.
நானும் கை நீட்டவில்லை.
அலை ஒன்று வந்தது, கப்பல் சாய்ந்தது,
மீதித் தூரத்தைக் கடல் தள்ளிக் கொடுத்தது.

நள்ளிரவு தாண்டித் தாலின்.
தளத்து ஆட்கள் அவர் வண்டியை இறக்கி
ஓரமாக நிறுத்தினார்கள்.
சாவி ஓர் உறைக்குள், மேலே பெயர்,
காலையில் வந்து வாங்கிக்கொள்ளலாம்.

நான் கரையில் கால் வைத்தேன்.
பதினொரு நாள் கப்பலில் இருந்த உடம்புக்கு
நிற்கும் தரை ஒத்துக்கொள்ளவில்லை.
ஒரு அடி வலதுபுறம் போயிற்று,
விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன்.
டாக்ஸிக்காரர் என் காலைப் பார்த்தார்.
பிறகு கண்ணை.
கண்ணாடியை இறக்கி
"எங்கே போகணும்?" என்றவர்,
பதிலைவிட என் மூச்சுக்காகத்தான்
தலையைச் சற்று வெளியே நீட்டினார்.

பார்க்கட்டும்.
முகவரியைச் சொன்னேன்,
ஒவ்வொரு சொல்லாக,
மிகக் கவனமாக,
சொல்லி முடித்த பிறகுதான்
தௌனோவின் குரல் அது என்று உறைத்தது.